கொசஸ்தலை ஏன் ‘காசஸ்தைல’ ஆகிறது?

இரண்டாயிரத்துத் தொண்ணூறு. நானூறு. நாற்பத்தொன்பது. ஐந்து.

இந்த நான்கு எண்களை வரிசையாகக் காதில் கேட்டால் ஒன்றும் புரியாது. புரியவேண்டிய விஷயமோ லேசானதல்ல. 2023 டிசம்பர் 26ஆம் தேதி, நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், எண்ணூர்ப் பெரியகுப்பத்துக் கரையருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, ஜனங்கள் கைக்குக் கிடைத்த வண்டியில் ஏறி ஊரைவிட்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து சொன்ன கணக்கு இது: ஆலை வாசலருகே காற்றில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா; 24 மணி நேரச் சராசரியாக அனுமதிக்கப்பட்ட அளவு 400. கசிந்த இடத்தருகே கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், அனுமதி 5.

இதை ஓர் அட்டவணையாகத் தாளில் போட்டால் நம் கண் நொடியில் வேலையை முடித்துவிடும். மேலே ‘அளந்தது’, ‘அனுமதி’ என்று இரண்டு தலைப்பு. இடப்பக்கம் ‘காற்று’, ‘கடல்நீர்’ என்று இரண்டு வரி. 2,090இல் விழுந்த கண் மேலே ஒரு தடவையும் இடப்பக்கம் ஒரு தடவையும் ஓடித் திரும்புகிறது. ஓடியதே நமக்குத் தெரிவதில்லை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு அந்த ஓட்டம் கிடையாது. இந்தக் கட்டம் தலைப்பு, இந்தக் கட்டம் அதற்குக் கீழ்வரும் எண் என்று கோப்புக்குள்ளேயே குறித்திருந்தால், அந்த இடத்துக்கு வரும்போது ‘காற்று, அளந்தது, 2,090’ என்று சொல்லும். அப்படிக் குறிக்காமல், ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எண்களை நேராக நிறுத்தியிருந்தால், தலைப்புச் சொற்கள் முதலிலேயே உதிர்ந்துவிட, எண்கள் மட்டும் அம்மணமாக வரும். நான்கு எண் என்றால் எப்படியோ சமாளிக்கலாம். நாற்பது வரியும் பன்னிரண்டு பத்தியும் கொண்ட காற்றுத் தர அட்டவணையில், எது விஷம், எது வரம்பு என்று நினைவில் வைத்துக்கொண்டே போக யாராலும் முடியாது.

ராயபுரத்தில் தொடங்கிக் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி என்று வடக்கே போகும் இந்தக் கரையில் எண்களும் அட்டவணைகளும் வெறும் அலுவலக விவகாரமல்ல. கடலுக்கும் ஊருக்கும் நடுவே ஏதாவது ஒரு திட்டம் வந்துகொண்டே இருக்கும் இடம் இது. துறைமுகம், அனல் மின் நிலையம், சாம்பல் குளம், எண்ணெய்க் குழாய். 2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளிய இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கிக் கழிமுகம் கறுத்த இடம். ஒவ்வொன்றையும் தொடர்ந்து ஒரு விசாரணை, ஓர் அறிக்கை, ஓர் அறிவிப்பு என்று காகிதம் வரும்.

காகிதம் முன்கூட்டியே வரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய திட்டம் என்றால் வரைவு அறிக்கையையும் அதன் சுருக்கத்தையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் வைக்கவேண்டும். சுருக்கம் மாநில ஆட்சிமொழியிலும் இருக்கவேண்டும். கருத்துச் சொல்ல ஜனங்களுக்குக் குறைந்தது 30 நாள். அறிக்கையை அச்சுப் பிரதியாக மட்டுமல்ல, மென்பிரதியாகவும் கொடுக்கவேண்டும் என்கிறது அந்த அறிவிக்கை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் இந்த வழியில் வந்த திட்டம்தான். அதற்கான கருத்துக்கேட்பு முதலில் 2021 ஜனவரி 22க்கும், பிறகு 2023 செப்டம்பர் 5க்கும் குறிக்கப்பட்டு, இரண்டு தடவையும் தள்ளிப்போனது. நூற்றுக்கணக்கான பக்கங்கள், வரைபடங்கள், அலை ஓட்டக் கணக்குகள், அட்டவணை மேல் அட்டவணை. பார்வையுள்ள, படித்த ஒருவருக்கே முப்பது நாள் போதாது. பார்வையற்ற ஒருவருக்கோ முதல் கேள்வியே வேறு: இந்தக் கோப்பு பேசுமா? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மீன்காரம்மாவின் கைபேசிக்கும் அதே கேள்விதான்.

பேசவைக்கும் கருவிகளுக்கு இன்று பஞ்சமில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், ஆப்பிளில் வாய்ஸ்ஓவர் இரண்டும் கூடவே வருகின்றன. கணினிக்கு என்விடிஏ இருக்கிறது. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் எழுதத் தொடங்கியது. காசு கிடையாது, தமிழ் இடைமுகமும் உண்டு. அதற்கு முன் விலை கொடுத்து வாங்கவேண்டிய ஜாஸ் மென்பொருள்தான் அலுவலகங்களை ஆண்டது. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் படிக்கும். கேட்க இயந்திரத்தனமாக இருக்கும். புதிதாகக் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். பழகியவர்கள் அதையேதான் வைத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் அதன் ஓசை குழையாது. மனிதக் குரல் போன்ற இனிமையான தமிழ்க் குரல்களை உருவாக்க சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு பல ஆண்டு உழைத்திருக்கிறது. ஆகவே பிரச்சினை குரலில் இல்லை. குரலுக்குக் கொடுக்கப்படும் கோப்பில் இருக்கிறது.

திருவொற்றியூர்க்காரர்களுக்குச் சுந்தரர் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி ஊரெல்லையைத் தாண்டினார், கண் போயிற்று. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றதும் திரும்ப வந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நடுவில் திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். கேட்டது கண், கொடுத்தது கோல் என்று சுந்தரருக்குக் கோபம்கூட வந்ததாம். ஸ்கிரீன் ரீடரும் கண் அல்ல, கோல்தான். எதிரே இருப்பதைத் தட்டிச் சொல்லும். இல்லாததை ஊகித்துச் சொல்லாது.

அது எதைத் தட்டுகிறது என்று பார்ப்போம். நாம் ‘ஆவணம்’ என்று ஒரே பெயரில் சொல்வது கணினிக்குள் மூன்று விதமான பொருளாக இருக்கக்கூடும். வெறும் படமாக இருக்கலாம். எழுத்து வடிவங்களின் அடுக்காக இருக்கலாம். உண்மையான எழுத்துகளாக இருக்கலாம். திரையில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். மோசம் அங்கேதான் தொடங்குகிறது. பிரிவு அலுவலர் பார்க்கிறார், நன்றாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறார்.

எழுத்து என்று கணினி எதை நினைக்கிறது? 1990களிலும் அதற்குப் பின்னும் தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்குப் பாமினி என்ற பெயர் பழக்கம். டிடிபி சென்டர்களில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கட்சி நோட்டீஸ் வரை அதில்தான் ஓடின. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளான ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. ஜேக்குரிய இடத்தில் ‘த’ என்ற உருவத்தையும், கேக்குரிய இடத்தில் ‘ம’ என்ற உருவத்தையும் வரைந்துவைத்த வேஷம் அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வேஷம் கலைந்துவிடும் என்பது எல்லோருக்கும் அனுபவம். ஸ்கிரீன் ரீடருக்கு எழுத்துரு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அது உருவத்தைப் பார்ப்பதே இல்லை. உள்ளே இருப்பதைப் படிக்கும். உங்கள் ஊர்ச் செய்தி முழுவதும் ‘ஜேகேபிஓ’ என்றே ஒலிக்கும். தேடல் பெட்டியில் ‘காட்டுப்பள்ளி’ என்று அடித்தாலும் ஒன்றும் அகப்படாது. இந்த இரண்டாவது இழப்பு பார்வையுள்ளவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இதற்கு மருந்து ஒருங்குறி. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண். தமிழ் ‘க’வுக்கு ஓர் எண் உண்டு, அந்த எண் வேறு எந்த எழுத்துக்கும் போகாது. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்ற குறியாக்கங்களைத் தரமாக்கியது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களையும் மாற்றிகளையும் இலவசமாகத் தருகிறது. பழைய கோப்பைக்கூட இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

ஒருங்குறிக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால், அடுத்த பள்ளம் பிடிஎஃப். இங்கேதான் நம் தலைப்பில் உள்ள கொசஸ்தலை ஆறு கவிழ்கிறது.

ஒருங்குறியில் எழுத்துகள் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. ‘கொ’ என்றால் முதலில் க, பிறகு ஒகரக் குறி. ‘லை’ என்றால் முதலில் ல, பிறகு ஐகாரக் குறி. திரையில் வரையும்போது மென்பொருள் இதைக் கலைத்துப் போட்டு, ஒற்றைக் கொம்பை முன்னால், க நடுவில், கால் பின்னால் என்று வைக்கிறது. பிடிஎஃப் என்ற வடிவம் 1993இல் பிறந்தது அச்சுப் பக்கத்தை அப்படியே காப்பாற்றுவதற்காக. அதன் மனதில் சொற்கள் இல்லை. ‘இந்த வடிவத்தை இந்த இடத்தில் வை’ என்ற கட்டளைகள் மட்டும் உண்டு. அதனால் ‘கொசஸ்தலை’ அதற்குள் கொம்பு, க, கால், ச, ஸ், த, ஐகாரக் கொம்பு, ல என்ற வரிசையில் போய்ச் சேர்கிறது. அதிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுத்தால் வருவது ‘ெகாசஸ்தைல’. முன்னால் தொங்கும் கொம்புக்கு ஒட்டிக்கொள்ள மெய் இல்லை. குரல் அதைத் தாண்டிவிடும், அல்லது ஏதோ ஒரு குறி என்று முணுமுணுக்கும். மிச்சம் ‘காசஸ்தைல’. ஆறு தைலமாகிவிட்டது. பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டிப் பார்த்த எல்லோருக்கும் இந்தக் கூத்து தெரியும். பத்திரிகை அலுவலகங்களில் இதைத் திருத்துவதற்கென்றே ஆள் வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே உச்சரிப்பு வரிசையும் வரையும் வரிசையும் ஒன்று. ஆகவே ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட கையேடுகள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

தீர்வு அந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. வரையப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் அதன் அசல் எழுத்துகளை மறைவாக ஒட்டிவைக்கப் பிடிஎஃப்பில் ஏற்பாடு உண்டு. அதோடு, எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை என்று குறிச்சொல் இடும் வசதி 2001இல் சேர்ந்தது. இவற்றையெல்லாம் முறைப்படுத்தி, எல்லோரும் அணுகக்கூடிய பிடிஎஃப்புக்கென்று ஐஎஸ்ஓ 14289 என்ற உலகத் தரம் 2012இல் வந்தது. அலுவலக மென்பொருள்களில் இதற்கென ஒரு டிக் பெட்டி இருக்கிறது. வேர்டில் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது விருப்பங்களுக்குள் போய்ப் பார்த்தால் கிடைக்கும். லிப்ரே ஆபிஸில் ஏற்றுமதிப் பெட்டியிலேயே இருக்கிறது. அதே வேர்டில் ‘பிரின்ட்’ கொடுத்துப் பிடிஎஃப் ஆக்கினால் குறிச்சொற்கள் அத்தனையும் போய்விடும். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது.

அல்லது அதைவிட மோசமான மூன்றாவது. கணினியில் அழகாக ஒருங்குறியில் அடித்த கடிதத்தை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, வட்ட முத்திரை குத்தி, ஸ்கேன் போட்டு, இணையத்தில் ஏற்றுவது. எழுத்தாக இருந்ததை வேலை மெனக்கெட்டுப் படமாக்கும் காரியம். கோலுக்கு இங்கே தட்ட எதுவுமே இல்லை. ‘காலிப் பக்கம்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

படத்திலிருந்து எழுத்தை மீட்கும் கலை பழையது. ரேமண்ட் கர்ஸ்வைல் 1976இலேயே அச்சுப் பக்கத்தை வருடிப் படித்துச் சொல்லும் எந்திரத்தைப் பார்வையற்றவர்களுக்காகச் செய்தார். இன்று கைபேசியே அதைச் செய்கிறது, தமிழிலும் செய்கிறது. ஆனால் தமிழ் எழுத்துகள் சில, இதற்கென்றே சதி செய்ததுபோல் அமைந்திருக்கின்றன. ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் பல எழுத்துருக்களில் அடியில் ஒரு சின்னச் சாய்கோடுதான் வித்தியாசம். மங்கலான ஸ்கேனில் ‘ழ’வும் ‘மு’வும் ஒன்றுபோல் ஆகிவிடும். முத்திரையின் ஊதா வட்டம் ஒரு எண்ணின் மேல் விழுந்தால் 49 என்பது 19 ஆகலாம். கதைப் புத்தகமென்றால் பரவாயில்லை, சூழலைப் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம். சர்வே எண்ணையோ அம்மோனியா அளவையோ எந்தச் சூழலை வைத்து ஊகிப்பது?

கண் மன்னிக்கும், காது மன்னிக்காது என்பதற்கு இன்னொரு சின்ன உதாரணம். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் அமாவாசையும் பௌர்ணமியும் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். ‘பௌர்ணமி’யில் வரும் ஔகாரக் குறியின் பின்பாதி பார்க்க ‘ள’ போலவே இருக்கும். அவசரத்தில் தட்டச்சுபவர் ப, ஒற்றைக் கொம்பு, ள என்று மூன்றாக அடித்துவிடுகிறார்: ‘பெளர்ணமி’. திரையில் இரண்டும் ஒன்றே. குரல் ‘பெ-ள-ர்ணமி’ என்று படிக்கும். தேடினால் கிடைக்காது. செய்தித் தளங்களில்கூட இது சர்வசாதாரணம். க-வையும் தமிழ் எண் ஒன்றையும், எ-வையும் தமிழ் எண் ஏழையும் மாற்றிப்போடுவதும் இதே ரகம். இவையெல்லாம் தொழில்நுட்பக் குறை அல்ல, வெறும் கவனக்குறைவு. எழுதுகிற நாம்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

குரலுக்கும் தன் பங்குக்கு ஒரு சங்கடம் உண்டு. ‘கேஸ் கசிந்தது’, ‘கேஸ் போட்டார்கள்’ இரண்டிலும் தமிழில் ஒரே எழுத்துதான். பெரியகுப்பத்தில் யாரும் குழம்பமாட்டார்கள். எந்திரம் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்லும். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேட்பவருக்கு மூளை இருக்கிறது.

நீண்ட அறிக்கையைக் காதால் படிப்பவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பார் என்று பார்வையுள்ளவர்கள் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படி யாரும் படிப்பதில்லை, நாமும் படிப்பதில்லை. தாளைப் புரட்டித் தடித்த எழுத்தில் உள்ள தலைப்புகளில் கண்ணை ஓட்டி, நமக்கு வேண்டிய இடத்தில் நிற்போம். என்விடிஏவில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், டி அழுத்தினால் அடுத்த அட்டவணைக்கு. கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் அட்டவணைக்குள் கட்டம் கட்டமாக நகரலாம். ‘மீன்வளத்தின் மீதான பாதிப்பு’ என்ற அத்தியாயத்துக்கு அரை நிமிடத்தில் போய்விடலாம். ஒரே நிபந்தனை: அந்த வரியைத் தட்டச்சு செய்தவர் எழுத்தைப் பெரிதாக்கி போல்டு போட்டதோடு நிற்காமல், ‘தலைப்பு 1’, ‘தலைப்பு 2’ என்ற ஸ்டைலைத் தேர்ந்திருக்கவேண்டும். போல்டு கண்ணுக்கு மட்டும்தான் தலைப்பு. கோப்புக்கு அது கொஞ்சம் தடித்த இன்னொரு வரி.

வரைபடம் இதைவிடச் சிக்கல். எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிய சண்டைகளில் பாதி, வரைபடத்தில் எந்தக் கோடு எங்கே போகிறது என்பதைப் பற்றியதுதான். படத்துக்குப் பின்னால் எழுதப்படும் மாற்று உரையில் ‘படம் 4.2’ என்று போட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி. ‘எண்ணூர்க் கழிமுக வரைபடம்’ என்பதும் போதாது. திட்ட எல்லைக்கு உள்ளே எந்தக் குப்பம் வருகிறது, எது வெளியே நிற்கிறது, முகத்துவாரம் எந்தப் பக்கம், ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று நான்கு வாக்கியம் எழுதவேண்டும். எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், படத்தைப் போட்டவருக்கே அந்தப் படம் என்ன சொல்கிறது என்று சரியாகத் தெரியாது என்பது. எனக்கு இதில் ஒரு ரகசிய சந்தேகம் உண்டு: மாற்று உரை எழுதக் கட்டாயப்படுத்தினால் பல அறிக்கைகளில் படங்களின் எண்ணிக்கை பாதியாகிவிடும்.

அரைகுறைப் பார்வை உள்ளவர்கள், கை நடுக்கத்தால் மவுசைப் பிடிக்க முடியாதவர்கள், எழுத்துகள் குழம்பித் தெரியும் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் என்று இந்தச் சங்கிலி நீளும். அவர்களுக்கும் வேண்டியது பெரும்பாலும் இதே அடிப்படைதான்: படமல்லாத, வரிசை கெடாத, கட்டமைப்பு உள்ள எழுத்து. அது இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம், கைபேசியின் அகலத்துக்கு வரியை மடிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவலும் தொழில்நுட்பமும் எல்லோரும் அணுகும்படி இருக்கவேண்டும் என்கிறது. 2017இல் வந்த விதிகளில் 15ஆம் விதி, இணையத்தில் வைக்கும் ஆவணங்கள் இ-பப் என்ற மின்னூல் வடிவிலோ ஓசிஆர் செய்த பிடிஎஃப்பாகவோ இருக்கவேண்டும் என்றது. ஓசிஆர் என்பது மேலே சொன்ன, படத்திலிருந்து எழுத்தை மீட்கும் வேலை. எழுத்தாகப் பிறந்த ஆவணத்தைப் படமாக்கி, பிறகு படத்திலிருந்து எழுத்தைச் சுரண்டி எடுத்தால் போதும் என்று ஒரு விதி அனுமதிப்பது விநோதம். ர-வும் காலும் பிரியாத தமிழுக்கு அது அறவே போதாது. 2023இல் ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரம் விதிகளுக்குள் சேர்க்கப்பட்டது. 2024 நவம்பர் 8ஆம் தேதி, ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 15(1)ஆம் விதி வெறும் பரிந்துரையாக நிற்பதால் தாய்ச் சட்டத்துக்கே முரண் என்று அதைச் செல்லாததாக்கி, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30இல் பிரக்யா பிரசூன் வழக்கில், நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது.

நீதிமன்றங்களே இந்தப் பாடத்தைத் தங்கள் வீட்டில்தான் முதலில் படிக்கவேண்டியிருந்தது. 2021ஐ ஒட்டி நீதிபதி சந்திரசூட் தலைமையிலிருந்த உச்ச நீதிமன்ற மின்-குழு, மனுக்களை அச்செடுத்து ஸ்கேன் போட்டுத் தாக்கல் செய்யும் வழக்கத்தை விடச் சொன்னது. தீர்ப்பின் குறுக்கே ஓடும் நீர்க்குறி ஸ்கிரீன் ரீடரைத் தடுக்கிறது என்பதும் அப்போதுதான் பேசப்பட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே நீர்க்குறி ஒரு தடையென்று தெரிய இத்தனை காலம் ஆயிற்று என்றால், வட்டார அலுவலகத்தில் ஸ்கேனர் முன்னால் நிற்கும் உதவியாளரைக் குறைசொல்லி என்ன பயன்? அவருக்குச் சொல்லித்தந்தவர் யாரும் இல்லை. ஸ்கேன் போடுவதற்கு அவரிடம் இருக்கும் ஒரே காரணம் கையெழுத்து. அதற்கும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே வழி இருக்கிறது: டிஜிட்டல் கையொப்பம். அதைப் போட்டால் எழுத்து எழுத்தாகவே இருக்கும், யாரும் திருத்தியிருந்தால் காட்டிக்கொடுக்கவும் செய்யும். மையால் போட்ட கையெழுத்தின் ஸ்கேனுக்கு அந்தத் திறமை கிடையாது.

மொழியைப் பற்றி ஒரு சண்டை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் புதிய வரைவு வந்தபோது, அது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்ததைக் கேள்வி கேட்டு வழக்குப் போனது. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30இல் சொன்னது. தமிழில் வரவேண்டும் என்று கேட்க நமக்குத் தெரிந்திருக்கிறது. எந்தத் தமிழில் என்று, அதாவது எந்தக் குறியாக்கத்தில், எந்த வடிவில் என்று, கேட்கப் பழகவில்லை. பாமினியில் வந்தாலும் தமிழ்தான், ஸ்கேனில் வந்தாலும் தமிழ்தான் என்று வாங்கிக்கொள்கிறோம்.

2006 அறிவிக்கையில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. அதிகம் பேர் கவனிப்பதில்லை. கருத்துக்கேட்புக் கூட்டம் முடியும் தறுவாயில், ஜனங்கள் சொன்னவற்றின் சுருக்கத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி எழுதி, அங்கேயே, கூடியிருப்பவர்களுக்கு உரக்கப் படித்துக்காட்டி, வட்டார மொழியில் விளக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ கையெழுத்திடலாம். நிகழ்ச்சி முழுவதையும் வீடியோ எடுக்கவேண்டும். காதால் படிப்பவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் இதை எழுதியிருக்கிறார்கள். அந்த மைதானத்தில், அந்த அரை மணி நேரத்துக்கு, பார்வையுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஆவணம் ஒன்றே.

பிறகு அந்த நடவடிக்கைக் குறிப்பு அலுவலகத்துக்குப் போகிறது. எதிர்ப்புத் தெரிவித்துப் பேசிய ஒருவர், தான் சொன்னதை அதில் ஒழுங்காக எழுதியிருக்கிறார்களா என்று ஒரு வாரம் கழித்துக் கைபேசியில் கேட்டுப் பார்க்க நினைக்கிறார். அதை ஸ்கேன் போட்டு ஏற்றினார்களா, ‘தலைப்பு 1’ வைத்து அடித்த கோப்பிலிருந்து நேரே பிடிஎஃப் எடுத்து டிஜிட்டல் கையொப்பமிட்டு ஏற்றினார்களா என்பதைப் பொறுத்து அவருக்குக் கிடைப்பது மாறும். இரண்டாவதற்கு முதலாவதைவிடக் குறைந்த நேரமே ஆகும். ஸ்கேனர் வரை நடக்கவேண்டாம்.